வெள்ளத்தில் நின்ற பழைய கார் ஸ்டார்ட் ஆகவில்லை: வன்னி வாகனக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2018 டிசம்பரில் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது கண்டாவளை, முரசுமோட்டை, பன்னங்கண்டி என்று கனகராயன் ஆற்றை அண்டிய ஊர்கள் தண்ணீரில் நின்றன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோதும் வன்னியில் வெள்ளம்தான். இடைப்பட்ட மாரிகளிலும் ஏதோ ஒரு குளம் வான் பாய்ந்து, ஏதோ ஒரு வளவில் ஒரு கார் மூழ்காமல் விட்டதில்லை. அது பெரும்பாலும் பழைய கார். நள்ளிரவில் பிரசவ வலி வந்த பெண்ணை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போவதும், சந்தைக்கு மரக்கறி கொண்டு போவதும் அதுவே. அதை இழந்தால் ஒரு குடும்பத்தின் வருமானமே நின்றுவிடும். அப்படிப்பட்ட கார்களை வைத்திருப்பவர்களுக்காகவே இந்தப் பக்கம். வெள்ளத்தில் நின்ற கார்களில் பெரும்பாலானவற்றைக் காப்பாற்றலாம். அவற்றை அழிப்பது தண்ணீர் வடிந்த பிறகு நாம் காட்டும் அவசரம்.

தண்ணீர் வடிந்துவிட்டது. திறப்பைப் போட்டு ஒரேயொரு முறை திருப்பிப் பார்த்தால் என்ன?

வேண்டாம். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால், அது போக இடமில்லாமல், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கொனெக்ரிங் ரொட் வளையும், அல்லது முறியும்.

இதற்கு எவ்வளவு தண்ணீர் போதும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1300 சீசீ, நான்கு சிலிண்டர், 9:1 அமுக்க விகிதம் உள்ள சாதாரண யப்பானிய எஞ்சினில், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் ஏறத்தாழ 40 மில்லிலீற்றர். மூன்று மேசைக்கரண்டித் தண்ணீர் அதை நிரப்பிவிடும். 2000 சீசீ டீசல் எஞ்சினில் அமுக்க விகிதம் 22:1 அளவில் இருப்பதால் அந்த இடம் 25 மில்லிலீற்றர்கூட வராது. இவ்வளவு தண்ணீர் எயார் கிளீனர் வழியாகப் போக வெள்ளம் கூரைவரை ஏற வேண்டியதில்லை.

ரொட் வளைந்த எஞ்சினைப் பிரித்துத்தான் ஆக வேண்டும். திறப்பைத் தொடாமல் விட்ட எஞ்சினுக்கு அநேகமாக ஒயிலும் பில்டரும் பிளக்குகளும் போதும்.

பொடியன்கள் நாலு பேர் தள்ளினால், அல்லது உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்தால் ஸ்டார்ட் ஆகாதா?

எங்கள் பக்கத்தில் இது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. ஊரில் யாராவது கயிறும் உழவு இயந்திரமும் கொண்டு வருவார்கள், உதவும் மனம்தான். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டருக்கு ஒரு வரம்பு உண்டு. சிலிண்டரில் தண்ணீர் முட்டினால் அது சில வேளை நின்றுவிடும், எஞ்சினும் தப்பும். உழவு இயந்திரம் நிற்காது. இரண்டாம் கியரில் போட்டு இழுத்தால் அதன் பலம் முழுவதும் அந்த ரொட்டின் மேல்தான் வரும். எஞ்சினைப் பரிசோதிக்குமுன் இழுத்தோ தள்ளியோ ஸ்டார்ட் செய்வதைத் தயவுசெய்து யாருக்கும் பரிந்துரைக்காதீர்கள்.

இடம் மாற்றுவதற்காக இழுப்பதென்றால் கியரை நியூட்ரலில் விட்டு, நடக்கும் வேகத்தில், கிரவல் பாதையை விட்டு இறங்காமல் இழுக்கலாம். வீதியோரப் பற்றைக்குள் இறக்கித் திருப்ப வேண்டாம். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணி இன்னும் முடியவில்லை. வெள்ளம் வெடிபொருள்களை இடம் மாற்றும். எச்சரிக்கைப் பலகைகளையும் அடித்துக்கொண்டு போகும்.

அப்படியானால் முதலில் என்ன செய்வது?

பொனற்றைத் திறக்குமுன் ஒரு தடியால் தட்டுங்கள். ஆசனத்தின் கீழும் எஞ்சின் பக்கத்திலும் பாம்பு ஒதுங்கியிருக்கும். வெள்ளத்துக்குப் பிந்திய நாட்களில் புடையன் எங்கும் கிடக்கும், கை விடும் இடத்தை முதலில் கண்ணால் பாருங்கள்.

பிறகு தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறியது என்று சேற்றுக் கோட்டை வைத்துக் குறித்துப் படம் எடுங்கள். மேலே செய்யப்போகும் எல்லாவற்றையும் அந்தக் கோடுதான் தீர்மானிக்கும். கதவின் அடிவரை மட்டும் நின்றிருந்தால் பிரேக், சில்லு பெயரிங், கியர் பெட்டி, ஸ்டார்ட்டர் ஆகியவற்றைப் பற்றித்தான் கவலை. ஆசனம்வரை வந்திருந்தால் எஞ்சின் ஒயிலும், தரையோடு போகும் வயர்களும் சேரும். டாஷ்போர்டைத் தாண்டியிருந்தால் பியூஸ் பெட்டி, மீற்றர், சுவிட்ச் எல்லாவற்றையும் கழற்றத்தான் வேண்டும்.

கைப்பிரேக் போட்டிருந்தால் இப்போதே விடுங்கள். ஈரத்தில் பிரேக் சூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சில்லுக்குக் கல் வைத்தால் போதும்.

பற்றரியில் எந்த முனையை முதலில் கழற்றுவது?

உடலோடு இணைந்த முனையை. யப்பானியக் கார்களில் அது எதிர்முனை. ஆனால் பழைய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் போன்ற பிரித்தானியக் கார்கள் பலவற்றில் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். வடக்கில் இன்னும் ஓடும் ஒஸ்ரின் ஏ-40, கேம்பிரிட்ஜ் கார்களை வைத்திருப்பவர்கள் கேபிள் எங்கே போகிறது என்று பார்த்துவிட்டே ஸ்பானரைப் போடுங்கள். திரும்பப் பூட்டும்போது முனைகள் மாறிவிட்டால் மின்பாகங்கள் சுட்டுப்போய் இன்னொரு செலவு வரும்.

எஞ்சினுக்குள் தண்ணீர் போனதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும்.

ஒயில் அளவுகோலை இழுங்கள். மட்டம் வழமையைவிட ஏறியிருந்தாலோ, ஒயில் பால்தேநீர் நிறத்தில் இருந்தாலோ தண்ணீர் கலந்திருக்கிறது. ஒயில் சுத்தமாகத் தெரிவதைக் கண்டு ஏமாறக்கூடாது. கலங்காமல் நின்ற எஞ்சினில் தண்ணீர் அடியில் தனியே கிடக்கும், மேலே நல்ல ஒயிலே தெரியும். எஞ்சினின் அடியில் ஒயில் தங்கும் சம்பின் அடி நட்டை மெல்லத் தளர்த்திப் பாருங்கள், தண்ணீர் இருந்தால் அதுதான் முதலில் ஒழுகும்.

அடுத்தது எயார் கிளீனர். மூடியைக் கழற்றினால் கடதாசி வடி ஈரமாக, சேறு படிந்து இருக்கிறதா? காய்ந்து சுத்தமாக இருந்தால் பெரும் நிம்மதி. ஈரமாக இருந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சைலன்சர் வழியாகவும் தண்ணீர் வரும், திறந்து நின்ற எக்ஸோஸ்ற் வால்வு எந்த சிலிண்டருடையதோ அதற்குள் போகும். ஆகவே எயார் கிளீனர் காய்ந்திருந்தாலும் மூன்றாவது சோதனையைத் தவறவிடக் கூடாது.

மூன்றாவது, பிளக்குகள். நான்கையும் கழற்றுங்கள். கழற்றுமுன் எந்த வயர் எந்தப் பிளக்குக்கு என்று ரேப் ஒட்டிக் குறியுங்கள். கொயிலுக்குப் போகும் மின்சாரத்தையும் துண்டியுங்கள். இப்போது கிராங்க் கப்பியின் நடுப் போல்ட்டில் ஸ்பானர் போட்டு, அல்லது பழைய காரென்றால் முன்னால் செருகும் ஹாண்டிலால், எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். பிளக் துவாரங்களால் தண்ணீர் பீறி வந்தால் அதுவே விடை. முகத்தைக் கொண்டுபோய் அருகில் வைக்காதீர்கள்.

தண்ணீர் வந்தது. இனி எஞ்சின் அவ்வளவுதானா?

இல்லவே இல்லை. தண்ணீர் வெளியே வந்தது நல்ல செய்தி. உள்ளே தங்கியிருந்தால் ஓரிரு நாளிலேயே சிலிண்டர் சுவரில் துரு ஏறத் தொடங்கும். கையால் சுற்றித் தண்ணீரை முழுவதும் தள்ளியபின் ஒவ்வொரு துவாரத்திலும் சிறிது எஞ்சின் ஒயில் ஊற்றி மீண்டும் சுற்றுங்கள். இன்றே ஸ்டார்ட் செய்ய முடியாவிட்டாலும் இதை இன்றே செய்யுங்கள். கராஜில் வரிசை நீளமாக இருக்கும் வெள்ள காலத்தில் எஞ்சினைக் காக்கும் வேலை இதுதான்.

பழைய ஒயிலையும் பில்டரையும் எடுத்துவிட்டு, ஒரு பில்டரைப் பூட்டி, விலை குறைந்த ஒயிலை ஊற்றலாம். அது கழுவுவதற்கு. ஸ்டார்ட் ஆனபின் சில நிமிடம் ஓடவிட்டு அதையும் வடித்து, நல்ல ஒயிலும் புதிய பில்டரும் போடுங்கள். ஒரே முறை மாற்றினால் போதும் என்று நிறுத்துபவர்களின் எஞ்சினில் பெயரிங்குகள் சில மாதங்களில் சத்தம் போடும்.

வெள்ளத்தில் ஓடிக்கொண்டிருந்தபோதே நின்றுபோன கார் என்றால் இன்னொரு சோதனையும் தேவை. ஒவ்வொரு பிஸ்டனையும் உச்சிக்குக் கொண்டுவந்து, பிளக் துவாரத்தால் ஒரு மெல்லிய நீண்ட கம்பியை விட்டு உயரத்தைக் குறியுங்கள். நான்கும் ஒரே உயரம் வர வேண்டும். ஒன்று மட்டும் தாழ்ந்தால் அந்த ரொட் வளைந்திருக்கிறது, அதை ஓட்டக்கூடாது. மெக்கானிக்கிடம் அமுக்க மீற்றர் இருந்தால் அதையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டர் மற்றவற்றைவிடத் தெளிவாகக் குறைந்தால் காரணம் தேட வேண்டும்.

ஸ்பானர் போட்டாலும் எஞ்சின் அசையவே இல்லை.

வெள்ளம் வடிந்து வாரங்கள் கழித்துத் தொட்ட கார்களில் இதுதான் நடக்கிறது. பலத்தைக் கூட்டாதீர்கள், ஸ்டார்ட்டரைப் போடவே வேண்டாம். துவாரங்களில் டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றி ஊறவிடுங்கள். நாளுக்கு ஒரு முறை முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு நூல் அசைந்தால் போதும், மீதி தானாக வரும். ஒரு வாரத்துக்கு மேலும் அசையாவிட்டால் எஞ்சினின் சிலிண்டர் தலையைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

எஞ்சின் கையால் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் திறப்பைத் திருப்பினால் சத்தமே இல்லை, அல்லது 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும்.

இங்கேதான் நிறையப் பேர் ஸ்டார்ட்டரைக் குற்றஞ்சாட்டிப் பணத்தைச் செலவழிக்கிறார்கள். பற்றரியில் தொடங்குங்கள். மல்ரிமீற்றரில் 12.6 வோல்ற் காட்டினால் நிறைவு, 12.2 அளவென்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் செய்யுங்கள். நிறைவு காட்டும் பற்றரியும் திறப்பைத் திருப்பும்போது 9.6க்குக் கீழே இறங்கினால் அதற்குள் பலமில்லை. முனைகளில் பூத்த பச்சையையும் வெள்ளையையும் வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துத் தேய்த்துக் கழுவலாம். சோடாத் தண்ணீர் பற்றரி மூடிகளுக்குள் போகக்கூடாது.

அடுத்தது உடலுக்கும் எஞ்சினுக்கும் இடையிலான எர்த் கேபிள். பழைய காரில் வெள்ளத்துக்குப் பின் வரும் விசித்திரமான கோளாறுகளில் பெரும் பங்கு இதனால்தான் என்று உறுதியாகச் சொல்வேன். வெளியே முழுதாகத் தெரியும், கழற்றினால் அடியில் துருவும் சேறும். சோதிப்பது சுலபம். மீற்றரின் ஒரு கம்பியைப் பற்றரியின் எர்த் முனையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து, ஒருவரைத் திறப்பைத் திருப்பச் சொல்லுங்கள். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் கேபிளைக் கழற்றி, இரண்டு பக்கமும் இரும்பு மின்னும்வரை தேய்த்துப் பூட்டுங்கள்.

'டக்' சத்தம் மட்டும் வந்து, பற்றரியும் கேபிள்களும் நன்றாக இருந்தால் ஸ்டார்ட்டரைக் கழற்றலாம். அது எஞ்சினின் கீழ்ப்பகுதியில் இருப்பதால் சேறு நிறையும். பிரித்துக் கழுவி, பிரஸ்களைத் துடைத்து, வெயிலில் நன்றாக உலரவிட்டு, புஷ்களுக்கு மெல்லிய கிரீஸ் போட்டால் பெரும்பாலும் உயிர் வரும். அடுப்பின் மேல் வைத்து உலர்த்துகிறார்கள், சுருளின் பூச்சு உருகிவிடும், வெயிலே போதும்.

சத்தமே இல்லை, விளக்கும் எரியவில்லை என்றால் பியூஸ் பெட்டி, திறப்புச் சுவிட்ச், ரிலே என்ற வரிசையில் போங்கள். ஓட்டோ கியர் கார் என்றால் கியர்க் கம்பத்தின் அடியில் உள்ள நியூட்ரல் சுவிட்ச்சும் நனைந்திருக்கலாம்.

ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை.

பொறி இல்லையா, பெற்றோல் இல்லையா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். பொறிதான் அதிகம் குற்றவாளி.

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிரும் டிஸ்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே வியர்த்திருப்பதைக் கண்ணாலேயே காணலாம். பழைய பிரித்தானிய மினிக் கார்களில் டிஸ்ரிபியூட்டர் முன் வலைக்கு நேர் பின்னால் இருப்பதால் வெள்ளம் வேண்டாம், பலத்த மழையே போதும். காய்ந்த பருத்தித் துணியால் துடைத்து, மூடியையும் ரோட்டரையும் வெயிலில் வையுங்கள். மூடியின் உட்சுவரில் பென்சில் கோடுபோல மெல்லிய கறுப்புக் கோடு ஓடினால், மின்சாரம் அந்த வழியே கசிந்து எரித்திருக்கிறது. துடைத்துப் பயனில்லை, மூடியை மாற்றுங்கள். பொயின்ற் உள்ள பழைய வகையென்றால் பொயின்ற் முகத்தை மெல்லிய அரத்தாளால் தேய்த்து, இடைவெளியை 0.4 மில்லிமீற்றர் அளவில் வையுங்கள். உங்கள் காரின் கைநூல் வேறு எண் சொன்னால் அதுவே சரி.

பிறகு ஒரு பிளக்கை வயரோடு எஞ்சின் இரும்பில் தொட வைத்து எஞ்சினைச் சுற்றுங்கள். வெயிலிலும் தெரியும் நீலப் பொறி வர வேண்டும். செம்மஞ்சளாக, மெலிந்து வந்தால் கொயில், கண்டென்சர், வயர் என்று தேடலாம். இந்தச் சோதனையில் இருபதாயிரம் வோல்ற்றுக்கு மேல் வரக்கூடும். ரப்பர் பிடியுள்ள குறடு இல்லாமல் தொடாதீர்கள். பிளக் துவாரங்கள் திறந்திருந்தால், பெற்றோல் ஆவி எழும் இடத்தில் இதைச் செய்யக்கூடாது.

வயர்களைக் கழற்றிக் குழம்பிப்போனவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெரும்பாலான நான்கு சிலிண்டர் யப்பானிய எஞ்சின்களிலும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் எஞ்சின்களிலும் எரியும் வரிசை 1-3-4-2. சுற்றும் திசையைப் பார்த்து அந்த வரிசையில் பூட்டுங்கள்.

பொறி அருமையாக வருகிறது. அப்படியும் பிடிக்கவில்லை.

பெற்றோலில் தண்ணீர். தாங்கியின் மூடியாலும் காற்றுக் குழாயாலும் அது இறங்கும், பெற்றோலைவிடப் பாரமானதால் அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். காபரேற்றருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு வெள்ளைக் கண்ணாடிப் போத்தலுக்குள் விட்டு எஞ்சினைச் சிறிது சுற்றுங்கள். போத்தலைச் சிறிது நேரம் அசையாமல் வைத்தால் அடியில் ஒரு கோடு தெரியும். தெரிந்தால் தாங்கியை வடித்து, பில்டரை மாற்றி, காபரேற்றரின் மிதவைக் கிண்ணத்தையும் வெறுமையாக்குங்கள். கிண்ணத்தை மறப்பவர்கள் மறுநாளும் அதே இடத்தில் நிற்பார்கள்.

வெள்ளத்துக்குப் பின் பெட்டிக்கடையில் போத்தலில் வாங்கிய பெற்றோலையும் இதேபோல வைத்துப் பார்த்துவிட்டே ஊற்றுங்கள்.

காபரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்யலாமா? சண்டைக் காலத்தில் அப்படித்தானே ஓடினோம்.

பொருளாதாரத் தடையால் பெற்றோல் கிடைக்காத அந்த ஆண்டுகளில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டி, ஸ்டார்ட் செய்ய மட்டும் சில துளி பெற்றோலை விட்ட திறமை வன்னிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் உரியது. அதைக் குறைத்துப் பேச மாட்டேன், அந்த அறிவில்தான் நோயாளிகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். ஆனால் அவை காய்ந்த எஞ்சின்கள்.

சிலிண்டரில் தண்ணீர் இல்லை என்று உறுதியான பிறகு, கோளாற்றைக் கண்டுபிடிக்கும் சோதனையாக இதைச் செய்யலாம். ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். விட்டதும் போத்தலைத் தூரக் கொண்டுபோய் வைத்து, எயார் கிளீனரை மூடியபின் திறப்பைத் திருப்புங்கள். திறந்து வைத்துச் சுற்றினால் பின்னடித்து நெருப்பு மேலே வரும், கையும் முகமும் வெந்துவிடும். இரண்டு நொடி பிடித்து நின்றால் பொறி சரி, பெற்றோல் வழிதான் பிழை. பிடிக்கவே இல்லையென்றால் மீண்டும் பொறிக்கே போங்கள். ஊற்றி ஊற்றி ஓட்ட முயன்றால் சிலிண்டர் சுவரின் ஒயில் கழுவுண்டு போகும்.

காபரேற்றர் இல்லாத, கணினியின் கட்டுப்பாட்டில் பெற்றோலைத் தெளிக்கும் ஈ.எஃப்.ஐ. வகைக் கார்.

தொண்ணூறுகளின் கார்களில் கணினிப் பெட்டி பெரும்பாலும் முன்னாசனப் பயணியின் காலருகிலோ டாஷ்போர்டின் கீழோ இருக்கும். தரைவிரிப்பு நனைந்த உயரமே அதற்கு ஆபத்து. பற்றரியைக் கழற்றியபின் அதை எடுத்துத் திறந்து பாருங்கள். சேறு இருந்தால் ஐசோப்ரோபைல் அல்ககோலும் மெல்லிய தூரிகையும் கொண்டு கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தலாம். செம்பு வழிகள் பச்சையாக அரித்திருந்தால் மின்னணு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். ஈரத்தோடு மின்சாரம் கொடுப்பதுதான் அதைக் கொல்லும். எயார் பாக் உள்ள கார்களில் மஞ்சள் நிற வயர்ப் பொருத்துகளைத் தொட வேண்டாம்.

டீசல் வான்.

மேலே சொன்ன கணக்கின்படி டீசலுக்குத் தண்ணீர் இன்னும் ஆபத்து. பொறி தரும் பிளக் இல்லாததால், சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்குகளைக் கழற்றிச் சுற்றிப் பாருங்கள். டீசல் பில்டரின் அடியில் தண்ணீர் வடிக்கும் திருகு இருக்கும், அதைத் திறந்து சுத்தமான டீசல் வரும்வரை வடியுங்கள், பிறகு மேலே உள்ள கைப்பம்பை அழுத்திக் காற்றை எடுங்கள். இஞ்செக்டர் பம்புக்கு எண்ணெய்ப் பிடிப்பைத் தருவது டீசல்தான். தண்ணீர் கலந்த டீசலில் அதைச் சுற்றவிட்டால் பம்பே போய்விடும்.

கார் நின்றது குளத்து வெள்ளத்தில் இல்லை. நந்திக்கடல் பக்கம், உப்புத் தண்ணீர்.

இதில் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். உப்பு காய்ந்தாலும் போகாது, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு வயருக்குள்ளும் இரும்புக்குள்ளும் வேலை செய்துகொண்டே இருக்கும். ஏற்கனவே நனைந்த காரை மறுபடி நனைப்பதா என்று தயங்குவார்கள். ஆனால் இங்கே செய்ய வேண்டியது அதுதான். பற்றரியை எடுத்துவிட்டு, எஞ்சினின் காற்றுவழி, ஒயில்வழிகளை மூடிக்கொண்டு, அடிப்பகுதி, கதவுகளின் உட்புறம், வயர்ப் பொருத்துகள், ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரால் தாராளமாகக் கழுவுங்கள். கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் வேறு தண்ணீர் தேடுங்கள். பிறகு ஒவ்வொரு பொருத்தையும் பிரித்து உலர்த்துங்கள். கொக்கிளாய், வட்டுவாகல், மாத்தளன் பக்கம் உள்ளவர்கள் எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிட்டது என்பதற்காக இந்தக் கழுவலைக் கைவிடக்கூடாது.

காப்புறுதி கிடைக்குமா?

மூன்றாம் தரப்புக் காப்புறுதி மட்டும் என்றால் உங்கள் காரின் சேதத்துக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்புறுதி என்றால் வெள்ளம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று ஆவணத்தில் வாசியுங்கள். கழற்றத் தொடங்குமுன் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவித்து, சேற்றுக் கோட்டின் படங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு செலவு செய்வதா, விற்றுவிடுவதா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. அந்த ஆண்டுகளில் பழைய கார்களின் விலை எப்படி ஏறியது என்பது எல்லோருக்கும் தெரியும். நல்ல தண்ணீரில், ஆசன மட்டத்துக்குக் கீழே, சில நாள் நின்ற காபரேற்றர் கார் என்றால் தயங்காமல் திருத்துங்கள். அதில் மின்னணுப் பொருள் குறைவு, பாகங்களைக் கழற்றிக் கழுவி உலர்த்த முடியும். புதிய கார்களுக்கு இல்லாத நன்மை இது. உப்புத் தண்ணீரில் கூரைவரை பல நாள் கிடந்த ஈ.எஃப்.ஐ. காருக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். எஞ்சினையும் கியர் பெட்டியையும் காப்பாற்றிப் பாகங்களாக விற்பதே மேல்.

விற்பதென்றால் வெள்ளத்தில் நின்ற கார் என்று வாங்குபவரிடம் சொல்லுங்கள். அவரும் தன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டுதான் ஓடப்போகிறார்.

ஸ்டார்ட் ஆகிவிட்டது! நாளைக்கே முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு ஓட்டம் ஒன்று இருக்கிறது. போகலாமா?

நாளைக்கு வேண்டாம். எஞ்சின் ஓடுவது ஒன்று, கார் நிற்பது இன்னொன்று. நான்கு சில்லுகளையும் கழற்றி, டிரம்முக்குள் உள்ள சேற்றை எடுத்து, பிரேக் எண்ணெயை மாற்றுங்கள். அந்த எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். ஏ-9 வீதியில் பிரேக் சூடேறும்போது அது கொதித்து, மிதி தரைவரை போய்விடும். கியர் பெட்டியினதும் பின் அச்சினதும் ஒயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். சூடான அச்சு குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது மூச்சுக்குழாயால் தண்ணீரை உள்ளே இழுத்திருக்கும், நிறம் மாறியிருந்தால் முழுவதையும் மாற்றுங்கள். ஓட்டோ கியர் பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தால் மாற்றும்வரை ஒரு அடிகூட ஓட்ட வேண்டாம், உள்ளே ஒட்டப்பட்ட கிளச்சுத் தட்டுகள் உரிந்துவிடும். ஆசனங்களையும் தரைவிரிப்பையும் கழற்றி வெயிலில் போட்டு, தரையில் உள்ள ரப்பர் அடைப்புகளை எடுத்துவிடுங்கள். இதெல்லாம் முடிந்தபின் ஊருக்குள்ளேயே சில நாள் குறுகிய ஓட்டங்கள் ஓடி, சார்ஜ் சரியாக வருகிறதா என்று எஞ்சின் ஓடும்போது பற்றரியில் 14 வோல்ற் அளவைப் பார்த்தபிறகு வவுனியாவுக்குப் புறப்படலாம்.